சுவீடன்காரரும் ஒன்பதாம் திருநாள் நாயனமும்

எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு ஒரு வருஷம் முந்தி, மாசி மாதத்தில், ஒரு சுவீடன்காரருக்கு நாகர்கோவிலின் கலைகளைக் காட்டும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபர். நான் அனுப்பும் செய்திகளில் நாலில் மூன்று அச்சாகாது. அச்சாகிற ஒன்று மழையைப் பற்றியதாகவோ குளத்தில் விழுந்தவரைப் பற்றியதாகவோ இருக்கும். கலையைப் பற்றி நான் எழுதிய எதுவும் அதுவரை அச்சானதில்லை.

ஆனாலும் ஆசிரியர் குழுவில் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். திருவனந்தபுரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்திருக்கும் சுவீடன்காரர் ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாள் நாகர்கோவிலில் இருப்பார். உள்ளூர்ச் சங்கீதம் கேட்க ஆசைப்படுகிறார். கூடவே ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்றும் கொண்டுவருவார். அவர் பதிவு செய்வதில் நல்லதாகத் தேறுவதை அவருடைய நாட்டு ரேடியோ வாங்கிக்கொள்வது வழக்கம் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது.

அந்தக் கடைசி வரியை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. காப்பிக் கடையில் ஒரே ஒருவரிடம் சொன்னேன். மறுநாள் காலை என் அறை வாசலில் நாயனக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஊரை ஒட்டிய ஒரு கோயிலில் அவருக்கு நாயன ஊழியம். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு. காதுக்குப் பின்னால் பீடி இருக்கும், ஆனால் அதுவரை பிடித்து நான் பார்த்ததில்லை.

“தம்பி, ஒளிச்சு வைக்காதேயும். வெள்ளக்காரன் ரேடியோவுக்குப் பாட்டுப் பிடிக்க மிசினு கொண்டாறானாமே?”

“வாறாரு. ஆனா அவரு இங்கிலீஷ்காரரு இல்ல. சுவீடன்காரரு.”

“வெள்ளையாத்தானே இருப்பாரு?”

“இருப்பாரு.”

“பெறவென்ன?”

விஷயம் இதுதான். அந்தக் கோயிலில் பங்குனித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர். தேருக்கு முன்னால் வாசிப்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு உரிமை. போன வருஷம் ஏழாம் நாளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செட்டை வரவழைத்தார்கள். நோட்டீசில் அந்த வித்வானின் பெயருக்கு முன்னால் ‘ரேடியோ புகழ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கூட்டம் நன்றாக வந்தது. இந்த வருஷம் ஒன்பதாம் நாளுக்கும் ரேடியோக்காரர்தான் வேண்டும் என்று விழாக் கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். நாயனக்காரர் ரேடியோவுக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டிருந்தார். முதல் முறை பதில் வரவில்லை. இரண்டாம் முறை இங்கிலீஷில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் படித்துப் பார்த்து, விண்ணப்பம் வேறு தாளில் இருக்க வேண்டுமாம் என்றார்.

“நோட்டீசு வாற புதங்கிழம அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள அந்த மிசினு என்னையப் பிடிச்சிட்டுன்னா, ரேடியோன்னு ஒரு சொல்லு எனக்கப் பேருக்கு முன்னால போட்டுக்கிடலாம்லா?”

“பிடிக்கறதும் விடறதும் அவரு இஷ்டம்.”

“பிடிக்கிற மாதிரி நான் வாசிச்சுக்கிடுகேன். நீரு எடம் மட்டும் பாரும்.”

இயந்திரம் கரண்டில் ஓடுவது. மின்சாரமும் கூடமும் இரண்டும் உள்ள வீடு வேண்டும். வடசேரியில் ஒரு வக்கீல் வீடு அப்படி இருந்தது. அந்த விழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான் என்பதால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். வக்கீல் மகிழ்ந்தார். சாப்பாடு, கச்சேரி, நாற்காலி எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகவும், நான் துரையை அழைத்து வந்தால் போதும் என்றும் சொன்னார். துரை இல்லை, சுவீடன்காரர் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசி வரையில் துரை என்றே சொன்னார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மிக உயரம், நாற்பது வயது இருக்கலாம், அரைக்கால் சட்டை. இயந்திரம் மரப்பெட்டிக்குள் இருந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். டேப் இரண்டு சுருள் மட்டும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும்.

முதலில் சுசீந்திரம் போனோம். கோயிலுக்குள் இந்துக்கள் மட்டும் போகலாம், ஆண்கள் சட்டையில்லாமல் போக வேண்டும் என்று விளக்கினேன். சட்டையைக் கழற்றினால் தாமும் போகலாமா என்று கேட்டார். சட்டை இரண்டாவது நிபந்தனை என்றேன். புரிந்துகொண்டார். தெப்பக்குளத்துக் கரையிலிருந்து கோபுரத்தை இரண்டு படம் எடுத்தார். பிறகு பக்கத்து ஓடையில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டுவதைக் கால் மணி நேரம் பார்த்தார்.

வக்கீல் வீட்டில் மதியச் சாப்பாடு. எங்களுக்கு இலை போட்டார்கள். எரிசேரி, அவியல், புளிக்கறி, பப்படம், பிரதமன். சுவீடன்காரருக்கு மேஜையில் பீங்கான் தட்டு. ரொட்டி, வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை. பயணியர் பங்களாச் சமையல்காரரை இதற்காகவே முந்தின நாள் பேசி வைத்திருந்தார் வக்கீல்.

சுவீடன்காரர் என் இலையைக் காட்டி, அந்த மஞ்சள் பொருள் என்ன என்று கேட்டார். அவியல் என்றேன். தாம் அதைச் சாப்பிடலாமா என்று வக்கீலிடம் கேட்டார்.

“அவரு மரியாதைக்குக் கேக்காரு,” என்று வக்கீல் என்னிடம் தமிழில் சொன்னார். அவரிடம் இங்கிலீஷில், “நீங்கள் எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம்,” என்றார். இன்னும் ஒரு முட்டை வந்தது.

வீட்டுக்குப் பின்னால் களத்தில் கும்பப்பூ என்னும் மாசி அறுவடை நெல்லை அளந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அளக்கிறவர் மரக்காலை நிரப்பிக் கவிழ்ப்பது வரையில் அந்தச் சொல்லையே இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார். பிறகு ரெண்டு, அதையும் அப்படியே. ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. வக்கீல் எழுந்துபோய்க் கத்தினார்.

“ஏலே, சத்தம் காட்டாம அளங்கலே! துரை சாப்பிடுகாருல்லா?”

சத்தம் நின்றது. சுவீடன்காரர் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு, அதை ஏன் நிறுத்தினார்கள், தொடரச் சொல்லுங்கள் என்றார். பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் மைக்கை வைத்தார். இயந்திரத்தின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, பூனைக்கண் மாதிரி. அது எரிந்தால் இயந்திரம் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், யாரும் இருமக்கூட வேண்டாம் என்றார். விளக்கு எரிந்தது. நூற்றுக்கு மேல் மரக்கால் அளந்து முடிய, முதல் சுருளும் முடிந்தது. வக்கீலுக்கு இது சங்கடமாக இருந்தது. வந்த விருந்தாளி கலை கிடைக்காமல் பசியில் கண்டதைத் தின்கிறார் என்பதுபோல அவர் முகம் இருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் நாற்பது பேர் கூடினார்கள். முதலில், ஊர்க் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் எட்டுப் பேர் வெள்ளைக் கோட்டுடன் வந்து நின்று, நான்கு குரலில் இங்கிலீஷ்ப் பாட்டு மூன்று பாடினார்கள். அவர்கள் ஞாயிறுதோறும் ராகத்தில் பாடும் தமிழ்க் கீர்த்தனைகளை நான் கேட்டிருக்கிறேன். அவை நன்றாக இருக்கும். அன்று அவற்றில் ஒன்றுகூடப் பாடவில்லை. பச்சை விளக்கு எரியவில்லை. சுவீடன்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார்.

அடுத்து நாயனம். நாயனக்காரர் புதுச் சரிகை வேட்டியில் இருந்தார். சீவாளியை நனைத்துப் பொருத்தி, இயந்திரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தார். வாசித்தது இங்கிலீஷ் நோட்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பொழுதுபோக்காக ஒன்றிரண்டு நிமிடம் வாசிப்பார்களே, அது. ஒரு நோட்டு முடிந்ததும் இன்னொன்று. பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி ஒன்று, பிறகு கொஞ்சம் மெதுவாக ஒன்று. தவில்காரர் இரண்டு குச்சி வைத்துக்கொண்டு பேண்டு வாத்தியம்போல அடித்தார். நாற்பது நிமிடம் இது நடந்தது. வக்கீல் கண்ணை மூடித் தாளம் போட்டார்.

சுவீடன்காரரின் விரல் இயந்திரத்தின் குமிழ்மேல் இருந்தது. நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் என் காதருகே குனிந்து, “இவர் எப்போது ஆரம்பிப்பார்?” என்று கேட்டார்.

நாயனக்காரரின் பார்வை அந்த விளக்கைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் வேகத்தைக் கூட்டினார். விளக்கு எரியவில்லை.

நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீலுடைய வீடு, அவர் போட்ட ஏற்பாடு, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு நடப்பதைக் குறித்துக்கொள்வது மட்டுமே என் வேலை என்ற பழக்கமும் எனக்கு இருந்தது. குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பில் எத்தனை நோட்டு என்றுகூட இருக்கிறது. ஏழு.

முடிந்ததும் மாலை போட்டார்கள். வாசலில் நாயனத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே நாயனக்காரர் கேட்டார்.

“அந்தப் பச்சக் கண்ணு தெறக்கவே இல்லியே தம்பி. மூணு நாளா பேண்டு வாத்தியாருகிட்ட போயிருந்து பாடம் பண்ணினேன். எங்க பெசகுச்சு?”

“பெசகு ஒண்ணும் இல்ல. அவருக்கு நோட்டு வேண்டாம். நம்ம ராகந்தான் வேணும். நீங்க எதுக்கு நோட்டு வாசிச்சீங்க?”

“வக்கீலய்யா சொன்னாரு. துரைக்குத் துரைமாரு பாட்டு வாசியும், ராகம் வாசிச்சா ஒறங்கிருவாருன்னாரு. எனக்கும் நெசந்தான்னு பட்டு.” கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். “வேய், இத இப்பமா சொல்லுகது?”

தவில்காரர் இடையில் புகுந்தார். “எனக்கக் கையப் பாரும், வீங்கி இருக்கு. நாங்க அங்கிண கெடந்து சாவுகோம், நீரு அவருக்குப் பக்கத்துல இருந்து பரிச்ச எழுதிட்டு இருந்தீரு.”

மறுநாள் மதியம் வரையில் சுவீடன்காரர் இருப்பார், இன்னும் ஒரு சுருள் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கரண்டு உள்ள இடம் வேண்டும், வக்கீல் வீட்டில் திரும்பவும் கேட்க முடியாது. தவில்காரரின் மச்சினன் கோட்டாற்றில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது.

காலை எட்டு மணிக்கு மில்லில் சேர்ந்தோம். சுருதிக்கு ஒத்து ஊதுகிற பையனும் கூட வந்திருந்தான். சுவீடன்காரருக்கு இடம் பிடித்துப்போயிற்று. முதலில் மோட்டாரைச் சுற்றிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்துத் தளர்ந்திருக்கிறது என்றார். மச்சினன் அன்றைக்கே அதைச் சரிசெய்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாயனத்தின் சத்தத்துக்கு மைக்கை முப்பதடி தள்ளி, உமி மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும், இப்படி ஒரு அறை தம் நாட்டு ரேடியோ நிலையத்தில்கூட இல்லை என்றார். இதை நான் தமிழில் சொன்னபோது நாயனக்காரர் மூட்டைகளை மரியாதையாகப் பார்த்தார்.

சாவேரி ராகம் ஆரம்பித்தார். எனக்குச் சங்கீதம் கொஞ்சந்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் அவர் மூன்று சுரங்களைவிட்டு வெளியே போகவில்லை. கீழே ஒன்றில் நின்றார். மூச்சு முடியும் என்று நான் நினைத்த இடத்தில் முடியவில்லை. அடுத்ததைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார், தொட்டது தப்போ என்று யோசிப்பவர்போல. மூன்றாவதுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, கதவில் சாய்ந்திருந்த மச்சினன் நேராக நின்றான். தவில்காரர் மடியில் குச்சியை வைத்தபடி அசையாமல் இருந்தார். பச்சை விளக்கு முதல் சுரத்திலேயே எரிந்துவிட்டது. நாயனக்காரர் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார். பிறகு ராகம் மேலே போயிற்று, தவில் சேர்ந்தது, ஒரு கீர்த்தனை வந்தது. எல்லாம் நன்றாகவே இருந்தது.

சுருள் முடிந்ததும் சுவீடன்காரர் அதைத் திருப்பி ஓடவிட்டுக் காட்டினார். நாயனக்காரரும் தவில்காரரும் மச்சினனும் குனிந்து கேட்டார்கள்.

“ஒத்துக்காரப் பய இந்த எடத்துல சுருதி எறக்கிட்டான்,” என்றார் நாயனக்காரர்.

“அண்ணாச்சி, எனக்கத் தவிலு தகரம் மாதிரி கேக்கு,” என்றார் தவில்காரர்.

“உள்ளதத்தானே காட்டும் மிசினு.”

இந்த நேரத்தில் மில் வாசலில் வக்கீலின் கார் வந்து நின்றது. சுவீடன்காரரைப் பயணியர் பங்களாவில் காணாமல் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கோட்டு போட்டிருந்தார். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவருடைய மனக்குறை வேறாக இருந்தது.

“தலைமை யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“எதுக்கு?”

“இந்த நிகழ்ச்சிக்கு. வெளிநாட்டு ரேடியோவுக்குப் போவுது. நாஞ்சில் நாடு எங்க இருக்கு, இது என்ன வாத்தியம், ஒண்ணும் சொல்லாம எடுத்த எடுப்புல பீப்பீன்னா கேக்கவன் என்ன நெனைப்பான்? அறிமுகமா ரெண்டு நிமிஷம் நான் பேசுகேன். துரைகிட்ட சொல்லும்.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே இங்கிலீஷில் சொன்னார். சுவீடன்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். சுருளில் இடம் இல்லை. இயந்திரம் புதிதாக எழுதும்போது பழையதை அழித்துக்கொண்டே எழுதும். கீர்த்தனையின் கடைசிப் பகுதியை விட்டுக்கொடுத்தால் பேச்சைக் கடைசியில் வைக்கலாம்.

“கடைசியிலியா? அது நன்றியுரைல்லா,” என்றார் வக்கீல்.

முதல் சுருளில், நெல் அளக்கும் சத்தத்தின் தொடக்கத்தில் வைக்கலாம் என்றார் சுவீடன்காரர்.

“நெல்லு அளக்கவனுக்கு நான் தலைமை தாங்கணுமா?”

திருவனந்தபுரம் போய்ப் புதுச் சுருளில் பேச்சைப் பதிந்து, கத்தரித்து முன்னால் ஒட்டிக்கொள்ளலாம், வக்கீல் ஒரு நாள் அங்கே வந்தால் போதும் என்றார் சுவீடன்காரர்.

“வெட்டி ஒட்டின பத்திரம் எந்தக் கோர்ட்லயும் செல்லாது,” என்று வக்கீல் எங்களைப் பார்த்துச் சொன்னார். “முன்னால பேசணும். இங்கிண வச்சுப் பேசணும். நாயனக்காரரு என்ன சொல்லுகாரு, கேளும்.”

நான் நாயனக்காரருக்கு விளக்கினேன். வக்கீல் பேசினால் அந்த அளவுக்கு ராகம் அழியும்.

“எந்த எடத்துல அழியும்?”

“முதல்ல இருந்து.”

“அதுலதான் விசயமே இருக்கு,” என்று தவில்காரர் வாய்க்குள் சொன்னார்.

“நீ சும்மா கெட,” என்றார் நாயனக்காரர். சீவாளியைக் கழற்றித் துணியால் துடைத்து டப்பியில் வைத்தார். மூடியை இரண்டு முறை திருகினார். பிறகு வக்கீலைப் பார்த்துக் கேட்டார். “அய்யா, அப்பம் நோட்டீசுல, ஒம்பதாந் திருநாளு…”

“வேய், நான் பேசினா நானும் ரேடியோவுல உண்டு, நீரும் உண்டு. பெறவு கமிட்டியில எவன் கேள்வி கேக்கப் போறான்? நானே சாட்சில்லா?”

“அப்பம் அய்யா பேசுங்கோ.”

சுவீடன்காரருக்கு இது பிடிபடவில்லை. அழிந்தது திரும்ப வராது என்று அவருக்குத் தெரியுமா, கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். கேட்டேன்.

“மிசினுக்குத் திரும்ப வராது. எனக்கு வரும்னு சொல்லும்,” என்றார் நாயனக்காரர்.

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். சுவீடன்காரர் சுருளை ஆரம்பத்துக்குச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் குமிழைத் திருகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நாயனக்காரர் தலையசைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

வக்கீல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, மூட்டைகளைப் பார்த்துப் பேசினார். சீமான்களே, சீமாட்டிகளே என்று தொடங்கி, இரண்டு மழைக்காலம் உள்ள எங்கள் நாட்டின் வளம், அணை, நெல் விளைச்சல், எழுத்தறிவு, கமிட்டிக்குத் தாம் தலைவரான விதம் இவற்றைச் சொன்னார். இரண்டு நிமிடம் என்றவர் ஐந்தேகால் நிமிடம் பேசினார். நல்ல இங்கிலீஷ். நாயனத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது.

திருப்பி ஓடவிட்டபோது வக்கீல் நன்றி வணக்கம் சொல்லி முடிக்க, அடுத்த கணம் நாயனம் ஒரு நீண்ட சுரத்தின் நடுவிலிருந்து வந்தது, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலில் யாரோ ஏறியதுபோல. நாயனக்காரர் அதை ஒருமுறை கேட்டுவிட்டு வெளியே போய்ப் பீடியைப் பற்றவைத்தார். மதியம் சுவீடன்காரர் புறப்பட்டார். எனக்கும் நாயனக்காரருக்கும் கைகொடுத்தார். அழித்ததற்காகத் தாம் மன்னிப்புக் கேட்டதாக நாயனக்காரரிடம் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

புதன்கிழமை அச்சகத்தில் நோட்டீசின் புரூப்பைப் பார்த்தேன். ஒன்பதாம் திருநாளுக்கு அவர் பெயர்தான் இருந்தது. முன்னால் ‘சுவீடன் ரேடியோ புகழ்’. இன்னும் எந்த ரேடியோவிலும் ஒலிபரப்பாகவில்லை என்று அச்சுக் கோக்கிறவரிடம் சொன்னேன். “மாத்தணுமா?” என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் தொழிலில் நான் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

தேர் நாளில் காலை ஒன்பது மணிக்குத் தேர் மேற்குத் தெரு முக்கில் நின்றது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாயனக்காரர் சாவேரி எடுத்தார். வக்கீல் பட்டு அங்கவஸ்திரத்துடன் பக்கத்தில் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இந்த முறை மூன்று சுரத்தில் நிற்கவில்லை, சீக்கிரமே நாலாவதுக்குப் போனார். இடையில் ஒருமுறை கீழே திரும்பி வந்து எதையோ தேடினார். தேர் அசைந்தது, அவரும் நடந்தார். மில்லில் கேட்டது நன்றாக இருந்ததா, இது நன்றாக இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. டேப்பில் அந்த இடத்தில் வக்கீல் பேசிக்கொண்டிருக்கிறார்.